நோ மை நேம்: நாலு கை மாறிய ஒரு பிரதி

ஷனெல் மில்லர் எழுதி 2019இல் வந்த தன்வரலாறு இது. தலைப்புக்கு ‘என் பெயரைத் தெரிந்துகொள்’ (Know My Name) என்று அர்த்தம். மும்பை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் 250 சொன்னார். முதுகு விட்டிருப்பதைக் காட்டிக் குறைத்தேன். வீட்டுக்கு வந்து முதல் அத்தியாயத்தைப் படித்ததும், இந்தப் புத்தகத்துக்கா பேரம் பேசினோம் என்று இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2015 ஜனவரி, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகம். 22 வயதுப் பெண் தங்கைக்குத் துணையாக ஒரு பார்ட்டிக்குப் போகிறாள். கண் விழிப்பது ஆஸ்பத்திரியில், தலைமுடியில் பைன் மரத்து இலைச் செத்தையோடு. நினைவில்லாமல் தரையில் கிடந்தவளை நீச்சல் வீரனான ஒரு மாணவன் சீரழித்துக்கொண்டிருந்ததைச் சைக்கிளில் போன இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் பார்த்து, ஓடியவனைத் துரத்திப் பிடித்தார்கள். தனக்கு நடந்தது என்னவென்ற முழு விவரம் அவளுக்குத் தெரியவந்தது ஆபீஸ் மேஜையில், இணையத்தில் ஒரு செய்தியைப் படித்தபோதுதான். அந்தச் செய்தியின் கடைசியில் அவன் நீச்சலில் எத்தனை நிமிடம், எத்தனை விநாடி என்ற கணக்கும் இருந்தது.

2016 மார்ச்சில் அவன்மேல் விசாரணைக்கு வந்த மூன்று குற்றங்களும் நிரூபணமாயின. அரசுத் தரப்பு 6 வருடம் கேட்டது. நீதிபதி கொடுத்தது 6 மாதம். அவன் 3 மாதத்தில் வெளியே வந்தான். எமிலி டோ என்ற மறைபெயரில் அவள் கோர்ட்டில் வாசித்த அறிக்கையை, இணையத்தில் வந்த நாலே நாளில் 1.1 கோடிப் பேர் பார்த்தார்கள். 2018 ஜூனில் மக்களே ஓட்டுப் போட்டு அந்த நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்கும் அடுத்த வருடம்தான் அவள் தன் சொந்தப் பெயரை அட்டையில் போட்டாள்.

நான் படித்தது பெரும்பாலும் ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் டப்பாவில், செம்பூருக்கும் சி.எஸ்.எம்.டி.க்கும் நடுவே. ஜன்னலோரம் கிடைத்தால் பதினைந்து பக்கம் ஓடும். வடாலா தாண்டியதும் கூட்டம் நெருக்கும். தோளுக்கு மேலே இன்னொருத்தி சேர்ந்து படிப்பாள். ஆஸ்பத்திரி அத்தியாயத்தில் ஒருநாள் அப்படி ஒரு மூச்சு கழுத்தில் பட்டது. பக்கத்தைத் திருப்பலாமா என்று திரும்பிப் பார்த்தேன். சின்னப் பெண், தலையாட்டினாள். திருப்பினேன்.

முடித்த பிறகு பிரதி கைமாறத் தொடங்கியது. படித்தவர்கள் என்னிடம் சொன்னதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் பாதிதான்.

பக்கத்து ஃபிளாட் அம்மா மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை. கூடவே ஒரு டப்பா பூரண்போளி தந்தார். நானும் கேட்கவில்லை.

என் மகன், இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், நாலு ராத்திரியில் முடித்தான். “நடுவுல ரொம்ப இழுக்குதும்மா” என்றான். இழுக்கத்தான் செய்கிறது. கேஸ் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிறது. அவள் வேலையை விட்டுவிட்டு ஊர் மாறுகிறாள், அச்சுக்கலை படிக்கிறாள், மேடையேறி நகைச்சுவைகூடச் சொல்லிப் பார்க்கிறாள். எந்த ஊரில் இருந்தாலும் காதில் போன் மணிதான். நம் ஊர் வாய்தா அங்கேயும் வாய்தாதான் என்று எனக்கு இதைப் படித்துத்தான் தெரிந்தது. மகனிடம், “அவ ஒரு வருஷத்துக்கு மேல அப்படி இருந்திருக்கா, நீ நாலு நாள் இருந்த” என்றேன். முகம் சுண்டிவிட்டது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து அவனே வந்து, “அந்த நீச்சல் டைமிங்கை எதுக்கும்மா போட்டாங்க?” என்றான். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

குறை சொல்ல எனக்கும் ஒன்று உண்டு. உவமைகள் அதிகம். ஒரு வலியைச் சொன்னால் அதற்கு ஒரு படம், உடனே இன்னொரு படம். ஆஸ்பத்திரி அத்தியாயத்தில் இப்படி எதுவும் தேவைப்படவில்லை. உடம்பில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள் என்று அப்படியே எழுதிவிட்டுப் போகிறாள். அந்தச் சிக்கனம் புத்தகம் முழுக்க இருந்திருக்கலாம்.

அந்த அத்தியாயத்தில் மட்டும் ஓரமெல்லாம் பென்சில் கோடு. போட்டவர் நர்ஸக்கா. முப்பது வருடம் ஒரு முனிசிபல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் செய்வதற்கு முன்னாலும் சொல்லிவிட்டுச் செய்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள் என்று வரும் இடங்களில் இரட்டைக் கோடு. “நாங்க எங்க சொன்னோம்? டாக்டர் விரலை விட்டுப் பாப்பாரு, நான் பக்கத்துல நின்னு காலைப் பிடிச்சுக்கிட்டிருப்பேன். அதுதான் வழக்கம்னு நினைச்சோம்” என்றார். அந்த இரட்டை விரல் பரிசோதனை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2014இல் சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் போட்டது. 2022 அக்டோபரில், இனியும் செய்பவர் நடத்தை மீறல் குற்றத்துக்கு ஆளாவார் என்று நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. வருடங்களை நான் அடுக்கியதும் அக்கா, “நான் ரிட்டயர் ஆனது 2011” என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தலைப்பில்தான் சண்டை. “பேரைப் போடக் கூடாதுன்னுதானே சட்டம்? இவ ஏன் போடுறா?” நம் நாட்டில் அந்தச் சட்டம் 1983இல் வந்தது, இ.பி.கோ. 228ஏ, இப்போது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 72. அச்சிடக் கூடாது என்பது மற்றவர்களுக்கு. வயதுக்கு வந்த பெண் தானாக முன்வந்து சொன்னால் தடையில்லை. அதே 1983இல்தான் சொஹைலா அப்துலாலி ‘மனுஷி’ பத்திரிகையில் தன் பெயரையும் புகைப்படத்தையும் போட்டு எழுதினார். அவருக்கு அந்தக் கொடுமை நடந்தது 1980இல், 17 வயதில், இதே செம்பூரில் ஒரு மலையில். அக்கா அந்த வருடங்களில் இங்கேதான் இருந்தார். கேள்விப்பட்டதே இல்லை என்றார். நானும் இந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். ஸ்டான்ஃபோர்ட் தெரிகிறது, வீட்டுப் பக்கத்து மலை தெரியவில்லை.

கடைசி வாசகி என் மதினி. தாராவியில் இருக்கிறாள், முறுக்கு வியாபாரம். ஆங்கிலம் கடை போர்டு வரைக்கும்தான். அவள் பாக்கெட் போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். ஐந்து சனிக்கிழமை சாயங்காலம்.

முதல் வாரம், “அந்தப் புள்ள எதுக்கு அவ்வளவு குடிச்சா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் வளைத்து வளைத்துக் கேட்டதும் அதையேதான்: எவ்வளவு குடித்தாய், எப்போது குடித்தாய். ஆகவே பதில் சொல்லாமல் மூன்றாம் வாரம் வரை பொறுத்து, அந்தக் குறுக்கு விசாரணையை வரிவரியாகச் சொன்னேன். மதினி கை நின்றது. “நான் கேட்டதையேல்லா கேக்கான்” என்றாள். சீல் போடும் மிஷினை அணைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

நாலாம் வாரம் கேட்ட கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை. “அந்தத் தங்கச்சிக்காரி எப்படி இருக்கா? அவதான கூட்டிட்டுப் போனா? அவ தூங்குவாளா?” புத்தகத்தில் தங்கைக்குப் பெரிய இடம் இருக்கிறது. அவளையும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறார்கள். படித்த நாங்கள் மூன்று பேரும் அதைத் தாண்டி வந்திருந்தோம்.

ஐந்தாம் வாரம் அந்த அறிக்கை. புத்தகத்தின் கடைசியில் முழுசாகவே இருக்கிறது. இரண்டு சைக்கிளைப் படமாக வரைந்து கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கினாள் என்ற இடம் வந்ததும், திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

யாருக்குச் சொல்லலாம் இந்தப் புத்தகத்தை? எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி அத்தியாயமும் கோர்ட் அத்தியாயமும் எதையும் மூடி மறைப்பதில்லை. பழைய காயம் உள்ளவர்கள் தனியாக இருக்கும் ராத்திரியில் எடுக்க வேண்டாம். வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுப்பேன். ஆங்கிலம் கடினமில்லை, எழுத்து மட்டும் பொடி. 180 ரூபாய்க்கு இனி கிடைக்குமா தெரியாது. 400 என்றாலும் வாங்கலாம்.

போன வாரம் மதினி வீட்டுக்குப் போனேன். முறுக்குச் சுற்ற வரும் பெண்களிடம் அவளே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன்கள் இரண்டு பேரும் ஸ்வீடனை விட்டுவிட்டு தமிழ்நாட்டு நாசரேத்திலிருந்து படிக்கப் போனவர்களாகிவிட்டார்கள். நீதிபதிக்குத் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே வேலை போய்விட்டது. தனியாகக் கூப்பிட்டு, “மதினி, அவர் போறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, நான் சொன்னேன்ல?” என்றேன்.

“நீ சொன்ன மாதிரி சொன்னா எவ உக்காந்து கேப்பா? அதெல்லாம் நான் மாத்திக்கிடுவேன்” என்றாள். கையில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே, “வாய்தாவை மட்டும் ஒண்ணுகூடக் குறைக்கல. எத்தனை தடவை தள்ளிவச்சான்னு நீ சொன்னியோ, அத்தனையும் சொல்லியிருக்கேன்.”