பைலட் பயிற்சிக்கு முன்பணம் கட்டப் போகும் பெண்களுக்கு

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில், ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) படிக்கும் ஒரு தங்கச்சி நேற்று ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். 'விமானிப் பயிற்சி, பெண்களுக்குத் தனி கோட்டா, வேலை உறுதி.' நிறுவனத்தின் பெயர் வேறு. வாசகம் மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் படித்த அதே வாசகம். அதை நம்பி 21,400 வெள்ளி கட்டினேன். அதில் பாதி, அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

அந்த விளம்பரம் கொடுத்த முகவர் அலுவலகத்தில் பேசியவர் தமிழ் அக்காதான். "இப்ப ஏர்லைன்ஸ் எல்லாம் பொம்பளப் பிள்ளைங்களத்தான் தேடுறாங்கம்மா, லைசன்ஸ் வந்ததும் சீட் ரெடி" என்றார். சாங்கி விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் நின்றுகொண்டு, தினமும் விமானிகள் கடந்து போவதைப் பார்ப்பவள் நான். அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன். விமான நிறுவனங்கள் தாங்களே விளம்பரம் செய்து, தேர்வு வைத்து ஆள் எடுக்கின்றன. அந்த இடத்தை விற்க எந்த முகவருக்கும் உரிமை இல்லை. இதை அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கட்டிய பணம் முதல் கட்டத்துக்கு மட்டும்: வெளிநாட்டில் 60 மணி நேரப் பறத்தல், தங்குமிடம். போய்ப் பார்த்தால் 14 மாணவர்களுக்கு இரண்டே செஸ்னா 172 சிறு விமானங்கள். அதில் ஒன்று, 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனைக்குப் போனது, ஐந்து வாரமாகத் திரும்பவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, வானிலை அறிக்கை பார்த்து, சீருடை போட்டுக்கொண்டு காத்திருப்போம். பத்து மணிக்கு "இன்று இல்லை" என்பார்கள். நான்கு மாதத்தில் என் லாக்புக்கில் (பறந்த நேரத்தைக் குறிக்கும் ஏட்டில்) ஏறியது 19 மணி 20 நிமிடம். வணிக விமானி உரிமத்துக்கு முழுநேரப் பயிற்சியிலேயே 150 மணி நேரம் வேண்டும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. அந்தப் பள்ளி, நம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த பட்டியலில் இல்லை. அங்கே உரிமம் வாங்கினாலும், இங்கே மாற்றிக்கொள்ள ஆணையத்தின் நிபந்தனைகளைத் தனியாக நிறைவேற்ற வேண்டும். வணிக விமானிக்குக் கட்டாயமான முதல் வகுப்பு மருத்துவச் சான்று பற்றியும் முகவர் வாயே திறக்கவில்லை. என்னோடு வந்த ஒரு தம்பிக்கு நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறை இருப்பது மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. அவன் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. பணத்தில் கை வைக்கும் முன் அந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டேன். 'திருப்பித் தர இயலாது' என்ற வரியைக் காட்டினார்கள். பயனீட்டாளர் சங்கத்துக்குப் போனேன், அப்புறம் சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம். அங்கே வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000. அவர்கள் ஒத்துக்கொள்ளாததால் 1,400 வெள்ளியை விட்டுக்கொடுத்து வழக்குப் போட்டேன். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. எல்லா வாட்ஸ்அப் செய்தியையும் அச்செடுத்துக் கொண்டுபோனது உதவியது. கடைசியில் 7,500 வெள்ளிக்குச் சமரசம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதால், ஏமாந்தவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

பைலட் ஆகும் எண்ணத்தை நான் விடவில்லை. மருத்துவச் சான்றை இப்போது முதலில் வாங்கிவிட்டேன். அந்த விளம்பரம் உங்களுக்கும் வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள். இரவு வேலை முடிந்ததும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.