திடீர்ப் பயணத்துக்கு எந்தத் தீவு: கிரீட்டா, நாக்சோஸா, சாந்தோரினியா?

கிரேக்கத் தீவுகளில் எது அழகு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "அடுத்த வாரமே கிளம்பணும், டிக்கெட் விலை கையைக் கடிக்கக் கூடாது, எங்கே போகலாம்?" என்று கேட்டால் பதில்கள் சட்டென்று குறைந்துவிடும். அழகைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, விமானம், கப்பல், தங்குமிடம் மூன்றும் கடைசி நேரத்தில் எங்கே சிக்கனமாகக் கிடைக்கும் என்று பார்த்தால் என் வரிசை இதுதான்: கிரீட் முதலில், நாக்சோஸ் அடுத்து, சாந்தோரினி கடைசி. இன்ஸ்டாகிராமில் இந்த வரிசை அப்படியே தலைகீழ்.

இது ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கான கணக்கு. பாரிஸிலோ சூரிக்கிலோ டார்ட்முண்டிலோ வதிவிட அனுமதியோடு இருந்தால், ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகளில் கிரேக்கமும் ஒன்று என்பதால் தனி விசா தேவையில்லை, கிளம்ப வேண்டியதுதான். லண்டனில் இருந்துகொண்டு இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பலமுறை போய்வரும் விசா ஏற்கெனவே கையில் இருந்தால் ஒழிய அவர்களுக்குத் 'திடீர்' என்பது கிடையாது. சென்னை, கொழும்புக்காரர்களுக்கும் அதே நிலைமைதான்.

விலை எப்போது இறங்கும், எப்போது ஏறும்

கடைசி நேரத்தில் டிக்கெட் மலியும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. ரயன்ஏர், ஈஸிஜெட், விஸ் ஏர் போன்ற மலிவு விமானங்கள் குறைந்த விலை இருக்கைகளை முதலில் விற்றுவிடும். விமானம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். நாளைக்கே பறக்க வேண்டும் என்று வருகிறவருக்கு வேறு வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

சுற்றுலா நிறுவனங்களின் வியாபாரம் வேறு மாதிரி. டூயி, ஜெட்2 போன்றவர்கள் கோடைக்கான விமான இருக்கைகளையும் ஓட்டல் அறைகளையும் மாதக்கணக்கில் முன்பே மொத்தமாக எடுத்து வைக்கிறார்கள். விமானம் மேலே போய்விட்டால் காலி இருக்கைக்கு மதிப்பே இல்லை. அதனால் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு வாரம் இருக்கும்போது மீந்து கிடப்பதைக் குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சில சமயம் விமானமும் ஏழு இரவு தங்கலும் சேர்ந்த விலை, தனி விமான டிக்கெட்டைவிடக் குறைவாக வந்து நிற்கும்.

இந்த மீதிச் சரக்கு எந்தத் தீவுகளில் குவிகிறது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. பெரிய ஓட்டல்கள் வரிசையாக இருக்கும் கிரீட், ரோட்ஸ், கோஸ், கோர்ஃபு ஆகிய தீவுகளில்தான் அது குவிகிறது. சாந்தோரினியில் அப்படிப்பட்ட மாபெரும் ஓட்டல்களுக்கு இடமில்லை. நாக்சோஸ் விமான நிலையத்தின் ஓடுபாதையோ 900 மீட்டர்தான். ஏதென்ஸிலிருந்து வரும் சிறிய ப்ரொப்பெல்லர் விமானங்கள் மட்டுமே அங்கே இறங்க முடியும். ஆக, தீவின் புவியியலே டிக்கெட் விலையைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

கிரீட்: திடீர் ஆசாமிகளின் தீவு

கிரீட்டைத் தீவு என்பதைவிட ஒரு குட்டி நாடு என்றே சொல்லலாம். பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். கிழக்கிலிருந்து மேற்காக 260 கிலோமீட்டர். ஆறு லட்சத்துக்கும் மேலானவர்கள் வாழ்கிறார்கள். சுற்றுலாப் பருவம் முடிந்தாலும் ஊர் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.

விமான விஷயத்தில் அதன் பெரிய பலம், வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்கும் இரண்டு நிலையங்கள்: நடுவில் ஹெராக்லியோன், மேற்கில் ஹானியா. ஒன்றுக்கு விலை எகிறினாலும் மற்றதற்கு எகிறியிருக்கும் என்று சொல்ல முடியாது. மலிவு விமானங்கள் போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக விலை வைப்பதால், ஒரு நிறுவனத்தில் ஹானியாவில் இறங்கி, இன்னொன்றில் ஹெராக்லியோனிலிருந்து திரும்பலாம். அதற்குத் தண்டக் காசு எதுவும் கிடையாது. இரண்டு நகரங்களுக்கும் நடுவே கேடெல் எனும் வெளியூர்ப் பேருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடும். வழியில் ரெத்திம்னோவில் இறங்கி வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். தேடும்போது இரண்டு நிலையங்களையும் போட்டுத் தேடுங்கள்; பலர் ஹெராக்லியோனை மட்டும் போட்டுவிட்டு "விலை ஜாஸ்தி" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஹெராக்லியோனில் இறங்கினால் நகரம் ஐந்து கிலோமீட்டருக்குள்தான், நகரப் பேருந்தே போதும். 1900ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டத் தொடங்கிய பழங்கால க்னோஸோஸ் அரண்மனையும் நகரத்துக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டர். அங்கே அவர் சிமெண்ட் பூசி எழுப்பிய சிவப்புத் தூண்களைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. ஆனால் அதே ஊரின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் புரியாத எழுத்துகள் பதிந்த ஃபெஸ்டோஸ் களிமண் வட்டையும் காளை மேல் தாவும் ஓவியத்தையும் பார்த்தபின் க்னோஸோஸுக்குப் போனால் இடிபாடுகள் பேச ஆரம்பிக்கும். முதலில் அருங்காட்சியகம், அப்புறம் அரண்மனை.

மேற்கில் ஹானியா தங்குவதற்கு இன்னும் இதமான ஊர். பழைய துறைமுகத்தைச் சுற்றி நடப்பதற்குக் காசு தேவையில்லை. நடப்பவர்களுக்குச் சமாரியா பள்ளத்தாக்கு: அதிகாலைப் பேருந்தில் ஓமலோஸ் மேட்டுக்குப் போய், 16 கிலோமீட்டர் கீழ்நோக்கி நடந்து ஆயா ரூமெலியில் கடலைத் தொட்டு, அங்கிருந்து படகு, அப்புறம் பேருந்து. எல்லாம் நேரம் பொருந்தும்படி ஓடுவதால் கார் தேவையே இல்லை. மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழை பெய்தாலும் வெயில் மிதமிஞ்சினாலும் அன்றைக்கு மூடிவிடுவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பேருந்து வடகடற்கரையில்தான் தாராளம். தெற்கே போக வேண்டுமானால் பொறுமை வேண்டும், இல்லாவிட்டால் கார் வேண்டும். நாலு நாளில் கிரீட் முழுவதையும் பார்க்கலாம் என்று நினைப்பவர் நாலு நாளும் சாலையைத்தான் பார்ப்பார். மேற்கோ நடுவோ, ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

சாந்தோரினி: அவசரத்துக்கு ஆகாத அழகி

சாந்தோரினியைக் குறைசொல்ல மனசு வரவில்லை. ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்க்கிற அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது. 1967இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாடோஸ் தோண்டத் தொடங்கிய பழைய ஊரான அக்ரோதிரியில் சாம்பலுக்கடியில் தெருக்களும் மாடிவீடுகளும் அப்படியே இருக்கின்றன. மனித எலும்புகள்தான் கிடைக்கவில்லை. மக்கள் முன்பே எச்சரிக்கையாகி வெளியேறிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆனால் கணக்கு உதைக்கிறது. தீவின் பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர். அந்த விளிம்பைப் பார்த்த அறைகள் எண்ணிக்கையில் குறைவு, உலகமே கேட்கிறது. கப்பல் சுற்றுலாக்காரர்களின் நெரிசல் தாங்காமல், ஒரு நாளைக்கு 8,000 பேர் என்று 2025இலிருந்து வரம்பு வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் கடைசி நேரத் தள்ளுபடிக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. நேரடி விமானம் மலிவாகச் சிக்கினாலும் அறை வாடகை அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

போயே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. நாக்சோஸில் தங்கிக்கொண்டு, கப்பலில் இரண்டு மணி நேரம் வாக்கில் போய் ஒரே ஓர் இரவு மட்டும் இங்கே தங்குங்கள். தீவின் தலைநகரான ஃபிராவிலிருந்து வடமுனை ஊரான இயாவுக்குப் பத்து கிலோமீட்டர் விளிம்போரமாக நடக்கலாம். தீவின் மிகச் சிறந்த காட்சி அதுதான், அதற்கு டிக்கெட்டும் இல்லை. சூரிய அஸ்தமனத்துக்கு இயாவில் முண்டியடிக்கும் கூட்டத்துக்குள் மாட்டாமல், வழியில் இருக்கும் இமெரோவிக்லியிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

நாக்சோஸ்: சுற்றுவழி, ஆனால் நேர்மையான விலை

நாக்சோஸுக்கு வெளிநாட்டிலிருந்து நேரடி விமானம் இல்லாததே அதற்குக் காவல். ஏதென்ஸ் போய் அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். அலுப்பாகத் தோன்றும் இந்த வழியில் திடீர்ப் பயணிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஏதென்ஸுக்கு ஆண்டு முழுக்க, ஐரோப்பாவின் பெரும்பாலான நகரங்களிலிருந்து, பல நிறுவனங்கள் போட்டி போட்டுப் பறக்கின்றன. அதனால் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு விமானத்தில் தாங்கக்கூடிய விலை கண்ணில் படும். புளூ ஸ்டார் போன்ற பெரிய கப்பல்களின் சாதாரண இருக்கைக் கட்டணமோ விமான டிக்கெட் போல நாளுக்கு நாள் எகிறாது. இன்றைக்கு வாங்கினாலும் ஒரு மாதம் முன்பு வாங்கியவர் கொடுத்ததை ஒட்டித்தான் கொடுப்பீர்கள்.

விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோ 2022இலிருந்து நேராகவே போகிறது, சுமார் ஒரு மணி நேரம். இரவில் எக்ஸ்96 பேருந்து உண்டு. நாக்சோஸும் சாந்தோரினியும் அடங்கிய சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்துக்கான பெரிய கப்பல்கள் காலை ஏழு, ஏழரை வாக்கில் கிளம்புகின்றன. ஆகவே நள்ளிரவில் இறங்கும் மலிவு விமானம் உண்மையில் தொந்தரவல்ல. விடியும்வரை சமாளித்தால் நேரே கப்பலில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மதியம் இறங்கும் விமானம்தான் ஒரு பகலைத் தின்றுவிடும்.

ஐந்து மணி நேரம் கழித்துக் கப்பல் நாக்சோஸை நெருங்கும்போது, முடிக்கப்படாத அப்போலோ கோயிலின் பளிங்கு வாசல் மட்டும் தனியாக நிற்பது தெரியும். துறைமுகமும் ஊரும் ஒன்றே, டாக்ஸிச் செலவு இல்லை. ஆயியோஸ் ஜார்ஜியோஸ் கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஆயியோஸ் ப்ரோகோபியோஸ், ப்ளாகா கடற்கரைகளுக்குப் பேருந்து. இது விவசாயத் தீவு. உருளைக்கிழங்கும் க்ராவியேரா பாலாடைக்கட்டியும் இங்கேயே விளைந்து, இங்கேயே தயாராகி, இங்கேயே தட்டுக்கு வருகின்றன. சைவர்களுக்குப் ஃபாவா கேட்டு வாங்கிச் சாப்பிடச் சொல்வேன். நம்ம பருப்பு மசியலில் ஆலிவ் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருக்கும். சைக்ளடீஸிலேயே உயரமான ஸாஸ் மலை 1,004 மீட்டர். காலையில் ஏறி, இறங்கும் வழியில் ஹால்கி கிராமத்தில் மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழியின் எதிரி காற்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து மெல்டெமி வீசும். பலமாக வீசினால் வேகப்படகுகளை முதலில் நிறுத்துவார்கள், இன்னும் பலமானால் பெரிய கப்பலும் நிற்கும். கப்பல் நிறுவனம் கப்பல் டிக்கெட் காசைத் திருப்பித் தரும்; தவறிப்போன விமானத்துக்கு யாரும் தர மாட்டார்கள். எனவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸில் கழிப்பது இந்த வழியின் கட்டாயச் செலவு. ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிக் கிரேக்கர்களே குடும்பத்தோடு தீவுகளுக்குப் படையெடுப்பார்கள், அந்த வாரம் கப்பலில் இடம் கிடைப்பதும் நிச்சயமில்லை.

தொகுப்பா, தனி டிக்கெட்டா?

ஓர் இடத்தில் ஒரு வாரம் குழந்தைகளோடு படுத்துக் கிடக்கப் போகிறீர்கள் என்றால் கிரீட்டுக்கு விமானமும் ஓட்டலும் சேர்ந்த கடைசி நேரத் தொகுப்புதான் லாபம். நிறுவனம் நொடித்தாலும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மலியாவிலும் ஹெர்சோனிசோஸிலும் மலிவாகக் கிடைக்கும் ஓட்டல்களில் சில, விடிய விடிய ஆட்டம் போடும் தெருவில் இருக்கும். விலையைப் பார்க்குமுன் வரைபடத்தைப் பாருங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, நான்கு நட்சத்திர ஓட்டலானால் ஓர் அறைக்கு இரவுக்கு 10 யூரோ, மூன்று நட்சத்திரமானால் 5 யூரோ என்று அரசு வரியை ஓட்டலில் தனியாகக் கட்ட வேண்டும். இணையத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது.

இரண்டு பேர், ஒரு முதுகுப்பை, நாலைந்து நாள் என்றால் தனி டிக்கெட். ஸ்கைஸ்கேனரிலோ கூகுள் ஃபிளைட்ஸிலோ நாளைக் குறிப்பிடாமல் மாதம் முழுவதையும் போட்டுத் தேடுங்கள். விலை கிடைத்ததும் விமான நிறுவனத்தின் தளத்துக்கே போய் வாங்குங்கள். விமானம் ரத்தானால் நடுவில் இன்னொரு ஏஜெண்ட் இருப்பது தலைவலி. பை சின்னதாக இருக்கட்டும்: ரயன்ஏர் இலவசமாக விடுவது 40க்கு 30க்கு 20 சென்டிமீட்டர், ஈஸிஜெட் 45க்கு 36க்கு 20. அதற்கு மேல் போனால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது பைக்கே போய்விடும்.

பள்ளி விடுமுறைதான் விலையின் இன்னொரு சாவி. ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும், எனவே மாதக் கடைசியில் கிளாஸ்கோ, எடின்பரோ விமானங்களில் விலை தணியும். லண்டனில் செப்டம்பர் வரை தணியாது. சூரிக்கிலும் ஆகஸ்டிலேயே பள்ளி திறந்துவிடுகிறது. மியூனிக், ஸ்டுட்கார்ட்காரர்கள் செப்டம்பர் நடுப்பகுதி வரை பொறுக்க வேண்டும், அல்லது பக்கத்து மாநிலத்து விமான நிலையத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும்.

அக்டோபர் முடிந்தால் தீவுகளுக்கான நேரடி விமானங்களில் பெரும்பாலானவை நின்றுவிடும். அப்போது எல்லா வழியும் ஏதென்ஸ்தான். அங்கிருந்து பிரேயஸில் இரவுக் கப்பல் ஏறினால் காலையில் ஹெராக்லியோன். படுக்கையும் பயணமும் ஒரே காசில் முடிகிறது.

கிரீட்டுக்கும் விலை ஒத்துவராவிட்டால் ரோட்ஸைப் பாருங்கள். மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் ஒன்றுக்காகவே போகலாம், வெயிலும் அக்டோபர் கடைசி வரை நிற்கும். கோர்ஃபு பச்சைப்பசேலென்று அழகுதான், அங்கே கிரிக்கெட்கூட ஆடுவார்கள். ஆனால் அந்தப் பச்சைக்குக் காரணமான மழை அக்டோபரிலேயே வந்துவிடும். மே, ஜூன் என்றால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடலாம்.