ஒரே எண்ணில் இரண்டு சீட்டு: அச்சகத்தை நம்பி நாங்கள் பட்ட பாடு

லண்டனில் தமிழ்ப் பள்ளிக்கோ கோயிலுக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ நிதி திரட்ட அதிர்ஷ்டலாபச் சீட்டு அடிக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு அச்சகத்துக்குப் போங்கள்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமப் பாடசாலைக்குக் கிணறு வெட்டிக் கொடுக்க எங்கள் பள்ளி 2,000 சீட்டு அடித்தது. புத்தகத்துக்குப் பத்துச் சீட்டு. சீட்டு 2 பவுண். சட்டப்படி செய்ய வேண்டியதில் குறை வைக்கவில்லை. உள்ளூர் கவுன்சிலில் 40 பவுண் கட்டிப் பதிவு செய்தோம். அமைப்பின் பெயர், விலை, பொறுப்பாளரின் பெயர், முகவரி, குலுக்கல் தேதி எல்லாம் சீட்டில் சரியாகவே இருந்தன. ‘ஐந்து எடுத்தால் ஒன்று இலவசம்’ என்று போடச் சொன்னது அச்சகம். எல்லாச் சீட்டும் ஒரே விலைக்குத்தான் விற்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. மறுத்துவிட்டோம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஒப்புதலுக்கு வந்த மாதிரியில் 0001 என்ற ஒரே எண்தான் இருந்தது. சரி என்று எழுதிக் கொடுத்தோம்.

நாங்கள் கேட்டது சாதாரணத் தாள். வந்தது பளபளப்புத் தாள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். அந்தத் தாளில் பேனா மை ஊறாது. அடிக்கட்டையில் எழுதிய பெயர்களும் தொலைபேசி எண்களும் பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசி நீலக் கறையாகிக் கிடந்தன.

குலுக்கல் அன்று முதல் பரிசு 300 பவுணுக்கு எடுத்த அடிக்கட்டையில் பெயர் தெரியவில்லை. 0457 என்று எண்ணை மட்டும் ஒலிபெருக்கியில் வாசித்தோம். முன்வரிசையில் ஓர் அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார். பின்னாலிருந்து ஓர் இளைஞர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இருவர் கையிலும் 0457. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்; இம்மியும் வித்தியாசமில்லை. “நான் கள்ளச் சீட்டுக் கொண்டுவரவில்லை, தம்பி” என்று அந்த அம்மா குரல் நடுங்கச் சொன்னார். இன்றும் அது என் நெஞ்சை அறுக்கிறது.

அடிக்கட்டைகளைக் கொட்டி அடுக்கினோம். 0401 முதல் 0600 வரை இரண்டு தடவை அடித்திருந்தார்கள். 0601 முதல் 0800 வரை இல்லவே இல்லை. இருவருக்கும் 300 பவுண் கொடுத்தோம். இரண்டாவது 300 கிணற்றுக்கான பணம்.

மாதிரிக்கு நீங்கள்தானே ஒப்புதல் தந்தீர்கள் என்றது அச்சகம். அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் கழிவு தருகிறார்களாம்! அதன்பின் எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.

சீட்டு வந்த அன்றே, விற்கக் கொடுக்குமுன், ஒவ்வொரு புத்தகத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 200 புத்தகத்தை இருவர் ஒரு மாலையில் பார்த்துவிடலாம். அடிக்கட்டையில் பேனாவால் எழுதி விரலால் தேய்த்துப் பாருங்கள். எண் இரட்டித்தாலோ விடுபட்டாலோ பணம் திரும்ப வேண்டும் என்று முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் இப்போது ஆர்டரோடு சேர்த்து அனுப்பும் வாசகம் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தருகிறேன்.