ஆறு வருடம் பயன்படுத்திய கிளவுட் கணக்கு மென்பொருள்: சர்வர் படுத்த நாளும் அதன் பிறகும்

எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்தில் ஆறு வருடமாக ஒரே கிளவுட் கணக்கு மென்பொருள்தான். வேகம், பில் போடும் வசதி எதிலும் குறை சொல்ல மாட்டேன். நான் எழுத வந்தது, போன வருடம் அது ஒரு நாள் படுத்துக்கொண்டதைப் பற்றி.

அன்று 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள். காலை பத்தரைக்கு லாகின் பக்கத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மாலை ஐந்தரை வரை சுற்றியது. சேவை ஓடுகிறதா என்று காட்டும் அந்த நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் எல்லாமே பச்சை. சப்போர்ட்டைக் கூப்பிட்டால், "உங்க நெட்டை செக் பண்ணுங்க சார்" என்றார்கள். நம்பி, ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டோம். நாலு வாடிக்கையாளர்களுடைய ரிட்டர்ன் மறுநாள்தான் போனது. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை நானே ஏற்றுக்கொண்டேன். தொகை சின்னதுதான். ஆனால் "ஏன் லேட்?" என்று அவர்கள் கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது: "சில பயனர்களுக்குச் சிறு தடங்கல்." ஒப்பந்தத்தில் இருப்பது 99.9 சதவீத நேரம் சேவை ஓடும் என்பது; அதாவது 30 நாள் மாதத்துக்கு 43 நிமிடம்தான் நிற்கலாம். எங்களுக்குப் போனது ஏழு மணி நேரம். அடுத்த பில்லில் ஒரு சிறு கழிவு தருவார்கள், அதுவும் நாமே கேட்டு எழுதினால்தான்.

இதைவிடப் பெரிய தவறு செய்தவர்கள் நேர்மையாக நடந்துகொண்டதும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடுகளைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர் சர்வர் மாறிப்போய் உண்மையான டேட்டாபேஸையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் ஆறு மணி நேரம் முந்தைய நகல்தான் கைகொடுத்தது. இதையெல்லாம் அவர்களே எழுதினார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. எந்த ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது என்பதுதான் இருந்தது. அடுத்த மாதமே அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3 விழுந்தபோது, ஸ்டேட்டஸ் பக்கத்தைச் சரியாக மாற்ற முடியாமல் போனது ஏன் என்று அமேசானும் வெளிப்படையாகச் சொன்னது: அதை மாற்றும் கருவியே எஸ்3-ஐ நம்பி இருந்ததாம். எனக்கு இப்படி ஒரு பத்தி வந்திருந்தால் போதும், அப்படியே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியிருப்பேன்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் எல்லாக் கணக்கையும் எக்செலில் இறக்கி வைக்கிறோம். சந்தா புதுப்பிக்கும் தேதி அடுத்த மாதம். "பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?" என்று மெயில் போட்டிருக்கிறேன். சரி, பதில் வரட்டும், அப்புறம் பணம் கட்டுவதைப் பார்க்கலாம்.