வட சென்னையில் குதிரைக் கொட்டகை: கீற்றா, தகரமா, சிமெண்ட் ஷீட்டா?

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் குதிரைக்குக் கூரை போடுகிறவர் கத்திரி வெயில், ஐப்பசி கார்த்திகைச் சாரல், வருஷம் முழுக்க உப்புக்காற்று என மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துத் தாங்கும் கூரை கிடையாது. இடம் சொந்தமா, வாடகையா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எந்தக் கூரையானாலும் ஒரு குதிரைக்கு 12 × 12 அடி வேண்டும். பருவமழைச் சாரல் வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்குப் பக்கம் முழு மறைப்பு, கிழக்கில் பாதி, தெற்கு திறப்பு. மேற்கு வெயிலுக்கு நிழல்வலை போதும்.

வெயிலுக்குக் கீற்றை மிஞ்ச ஆளில்லை. நண்பகலிலும் அடியில் அனல் இறங்காது, செலவும் குறைவு என்பதால் வாடகை இடத்துக்கு ஏற்றது. ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் மாற்றியாக வேண்டும். தகரத்துக்குப் போதுமான சரிவு கீற்றுக்குப் போதாது, ஒழுகும். நடுவில் முகடு வைத்து இருபக்கமும் ஆறடிக்கு நாலடி இறக்கம் கொடுக்க வேண்டும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே பழைய மீன்வலையைப் போர்த்திக் கட்டுவது இங்கே வழக்கம், நல்ல வழியும்கூட. ஆனால் வலை நுனி ஓரத்தில் தொங்கவே கூடாது. குதிரை அதைக் கடித்து இழுக்கும், காலில் சிக்கினால் மிரண்டு கம்பத்தையே பிடுங்கும். கீற்றையும் அது மெல்லும் என்பதால் தாழ்வாரம் எட்டடிக்குக் கீழே வரக் கூடாது. தீபாவளி வாரத்தில் ராக்கெட் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

சொந்த இடமென்றால் எங்கள் தேர்வு தகரம், அதிலும் வெள்ளை நிறக் கலர் கோட்டட் ஷீட் (நிறப் பூச்சுள்ள தகடு). பின்பக்கம் 9 அடி, முன்பக்கம் 11 அடி உயரம் வைத்து ஒரே சரிவாக இறக்கினால் போதும். முன்னால் இரண்டடி, மற்றப் பக்கங்களில் ஓரடி தாழ்வாரம் விட்டால் 16 அடி நீள ஷீட் ஐந்து பிடிக்கும். குறுக்குச் சட்டம் நாலடிக்கு ஒன்று. ஸ்க்ரூவை ரப்பர் வாஷரோடு ஷீட்டின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் கசியும். ஓரத்து இரண்டு வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும். புயல் முதலில் பிடிப்பது ஓரத்தைத்தான். 2016 டிசம்பர் 12 வர்தாவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டிய விளிம்புதான் உப்பில் முதலில் துருப்பிடிக்கும், அன்றைக்கே பெயின்ட் அடித்துவிடுங்கள். அனல் குறையட்டும் என்று தகரத்தின் மேல் கீற்றுப் போடுகிறார்கள். ஈரம் தங்கி ஷீட் சீக்கிரமே அரித்துவிடும். அதற்குப் பதில் பின்சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள், சூடான காற்று வெளியேறிவிடும்.

தகரத்தை ஒருபோதும் தரைவரை இறக்கிச் சுவராக்காதீர்கள். குதிரை படுத்துப் புரளும்போது குளம்பு தகரத்தின் அடியில் நுழையும், உதறி இழுக்கையில் விளிம்பு கத்திபோல் காலை நரம்போடு அறுக்கும். கீழே நாலடிக்குக் கனமான பலகை அல்லது செங்கல், அதற்கு மேல்தான் ஷீட்.

சிமெண்ட் ஷீட்டை நாங்கள் சொல்ல மாட்டோம். கிளை விழுந்தால் உடையும், துண்டுகள் குதிரையின் முதுகில் விழும். பழைய ஷீட்டில் மட்டுமல்ல, புதிதாக விற்கும் பலவற்றிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், அறுக்கும்போது வரும் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கம்பத்தில் சவுக்கு மலிவு. ஆனால் ஈரமும் கரையானும் தரைமட்டத்தில் அரிக்கும், குதிரையும் கடிக்கும். ஜிஐ பைப்பையும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நேராகப் புதைத்தால் மூத்திரமும் உப்பும் சேர்ந்து அதே இடத்தில் ஓட்டை போடும். மூன்றடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு, தரைக்கு மேல் ஓரடி தூக்கி, அதன்மேல் பிளேட் வைத்து பைப்பை போல்ட் போட்டு நிறுத்துங்கள்.

தரையைச் சுற்றுமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்துங்கள். 2023 மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். வெறும் கான்கிரீட் வழுக்கும், கால் மூட்டுகளையும் கெடுக்கும். அடியில் ஜல்லி, மேலே இறுக்கிய கிராவல், ஐம்பதடிக்கு ஓரடி சாய்வு, அதற்கு மேல் ரப்பர் மேட்.