மில்லிசெகண்ட் சரி, துளை எங்கே போனது?

ட்ரோன் சர்வே, பிளாஸ்ட் டிசைன் சாஃப்ட்வேர், பாறைத் துளையில் நிரப்பிய வெடிமருந்தை வெடிக்கவைக்கும் எலக்ட்ரானிக் டெட்டனேட்டர், வெடித்த பிறகு கல்லின் அளவைப் படத்தை வைத்துக் கணக்கிடும் ஆப், எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றை எங்கள் திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒரு வருஷமாகப் பயன்படுத்துகிறோம். விற்க வந்தவர் மூச்சுவிடாமல் பேசியது டெட்டனேட்டரைப் பற்றி. எனக்குக் கை கொடுத்தது ட்ரோன்.

டெட்டனேட்டரைக் குறை சொல்ல முடியாது. முன்பு போட்ட ஷாக் ட்யூப் (அதிர்வலை ஓடும் மெல்லிய குழாய்) வகையில் தாமதத்தைத் தீர்மானிப்பது உள்ளே எரியும் ரசாயனம், அதனால் 500 மில்லிசெகண்ட் என்று எழுதியிருந்தாலும் பத்துப் பதினைந்து முன்னே பின்னே போகும், அப்புறம் மேலே துளைக்குத் துளை 17, 25 மில்லிசெகண்ட் தாமதம் தரும் கனெக்டர் கொடுத்து என்ன பிரயோஜனம், பக்கத்துத் துளைகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வெடித்து அதிர்வு ஏறும். இந்த எலக்ட்ரானிக் வகையில் நேரத்தை எண்ணுவது சிப். தாமதத்தை ஒவ்வொரு மில்லிசெகண்டாக நாமே கூட்டிக் குறைத்து வைக்கலாம். வெடிக்கும் முன்பே ஒவ்வொன்றும் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிடலாம். மிஸ்ஃபயர் ஆன, அதாவது வெடிக்காமல் நின்றுபோன, துளையைத் தேடிப் போனவர்களுக்கு அந்த நிம்மதி புரியும்.

ட்ரோன் விஷயத்துக்கு வருகிறேன். முன்வரிசைத் துளை ஒன்றுக்குக் காகிதத்தில் பர்டன் (துளைக்கும் பாறையின் திறந்த முகப்புக்கும் உள்ள தூரம்) 3 மீட்டர். முந்தைய வெடிப்பு பெஞ்சின் (படிபோல வெட்டிய பாறையின்) முகப்பை நடுவில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது, முப்பரிமாணப் படத்தில் பார்த்தால் அங்கே 1.6 தான் மிச்சம். மேலிருந்து டேப் பிடித்தவனுக்கு இது தெரிந்திருக்காது. அந்த உயரத்தில் மருந்துக்குப் பதில் ஜல்லியை இறக்கினோம், இல்லையென்றால் கல் எவ்வளவு தூரம் பறந்திருக்குமோ.

ஆனால் ட்ரோனுக்குத் தெரிவது வெளிமுகம் மட்டும். துளை உள்ளே எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அதற்குத் தெரியாது, சாஃப்ட்வேரோ டிசைனில் இருப்பதுபோல நேர்கோடாகவே வரைந்து அதன்மேல் எல்லாக் கணக்கையும் போடுகிறது. ஒரு மாதம் முழுக்க அடியில் உடையாத பாறை நின்றது. சப்போர்ட்டுக்குப் போன் செய்தால் டைமிங்கை மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினோம், மறுபடியும் அதே கதை. கடைசியில் துளையின் சாய்வை அளக்கும் கருவியை இரவல் வாங்கி இறக்கிப் பார்த்தால் சில துளைகள் அடியில் ஒரு மீட்டருக்கு மேல் விலகியிருந்தன. அந்தக் கருவி பேக்கேஜில் கிடையாது, தனியாக வாங்க வேண்டுமாம்!

கல் அளவு ஆப் சுமார். குவியலின் மேல்பரப்பைத்தான் பார்க்கிறது, தூளெல்லாம் இடுக்கில் ஒளிந்துகொள்கிறது, நிழல் விழுந்தால் இரண்டு கல்லை ஒன்றாக எண்ணுகிறது. போன வெடிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க ஆகும், அவ்வளவுதான். பவுல்டர் (உடையாத பெருங்கல்) எத்தனை வந்தது என்று க்ரஷர் ஆபரேட்டரைக் கேட்டாலே போதும்.

வெயிலில் டேப்லெட் திரை தெரியவில்லை, கையுறையோடு தொட்டால் வேலை செய்யவில்லை, இதெல்லாம் சின்ன எரிச்சல். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் இது. டெட்டனேட்டரை முன்வரிசைக்கும் அதிர்வுக் கட்டுப்பாடு உள்ள பக்கத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சப்படும் காசில் சாய்வுக் கருவியைக் கேட்டிருக்கிறேன்.