பண்ணை சர்க்கிள் டைம்: மூன்று கல்வியாண்டில் நிலைத்தவை, கைவிட்டவை

மூன்றரை முதல் ஐந்து வயது வரை, ஒரு குழுவில் பதினெட்டுப் பிள்ளைகள், ஆண்டுக்கு நான்கு வாரம், தினமும் 15 நிமிடம். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு, ஒலியும் எழுத்தும் பழக்க, சர்க்கிள் டைமை (பிள்ளைகள் வட்டமாக உட்காரும் வகுப்பு நேரத்தை) ஆடு, மாடு, கோழி, வயல் என்று திருப்பிவிடுவோம். இப்படி மூன்று கல்வியாண்டுகள் ஓடிவிட்டன. முதலாண்டு செய்ததில் பாதிக்கு மேல் இப்போது இல்லை. எது நின்றது, எது ஏன் போனது என்பதைச் சொன்னால், இதைப் புதிதாகத் தொடங்குகிற டீச்சருக்கு உதவும்.

முதலில் சொல் தேர்வு. கடையில் கிடைக்கும் அட்டைகள் பெரும்பாலும் ஆங்கில வழக்கப்படி ஒரு விலங்கு, அதற்கு ஒரு முதலெழுத்து என்று இருக்கும். 'கோழி' அட்டையிலேயே இது இடறும். காதில் முதலில் விழுவது 'க்'. கண்ணில் முதலில் படுவதோ கொம்பு (ே), அதற்குப் பிறகுதான் க, கடைசியில் துணைக்கால் (ா). அந்தத் துணைக்காலைப் பிள்ளைகள் 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கேர' என்று படிப்பார்கள். பிள்ளை மேல் தப்பில்லை, எழுத்தின் அமைப்பு அப்படி. அதனால் கோழி, சேவல், கொட்டகை மூன்றையும் வாய் விளையாட்டோடு நிறுத்திக்கொண்டோம். அட்டையில் எழுதிக் காட்டுவது ஆடு, மாடு, பால், கால், வால், வயல், மரம் என்ற ஏழு சொற்களை மட்டும்தான். நான்கு வாரத்துக்கு இது தாராளம். 247 எழுத்தையும் பண்ணைக்குள் அடைக்கப் பார்த்தால் எதுவும் தங்காது.

இந்த ஏழில் பால், கால், வால் மூன்றும் தங்கம். ஒரே பசுவின் படத்தில் மூன்றையும் தொட்டுக் காட்டலாம். 'ல்' அட்டையை அசையாமல் வைத்து, முன்னால் பா, கா, வா அட்டைகளை மாற்றி மாற்றி வைத்தால், முதலெழுத்து மாறினால் சொல்லே மாறுகிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும். மூன்றாம் வாரத்தில் யாராவது ஒருவர் தானாகவே 'நா' வைத்து 'நால்' என்பார். பொருள் இல்லாவிட்டாலும் தடுக்காதீர்கள், ஒலியைப் பிரித்து ஒட்டத் தெரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆடு, மாடு, காடு, கூடு வரிசையும் இதே வேலையைச் செய்யும்.

சொல்லைத் தட்டி எண்ணும் விளையாட்டில் ஒரு சிக்கல் எல்லா ஆண்டும் வருகிறது. 'பால்' என்றால் ஒரு தட்டு. பிள்ளைகள் இரண்டு தட்டுவார்கள். வீட்டில் அவர்கள் சொல்வது 'பாலு'. நெல்லும் அப்படித்தான், 'நெல்லு'. 'தப்பு' என்று சொன்னால் குழம்பிப் போவார்கள், அவர்கள் காதுக்கு அது சரிதானே. எனவே முதல் இரண்டு வாரம் பேச்சிலும் எழுத்திலும் ஒரே எண்ணிக்கை வரும் சொற்கள் மட்டும்: மா-டு, ஆ-டு, எ-ரு-மை, க-லப்-பை. மூன்றாம் வாரத்தில் 'நாம பாலுன்னு சொல்றோம், புக்குல பால்னு எழுதியிருக்கு' என்று இரண்டையும் தட்டிக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள். யாப்பு படித்தவர்கள் இந்தத் தட்டை அசை என்று நினைத்துவிட வேண்டாம். யாப்பில் 'கலப்' ஒரே நிரையசை, இங்கே அது இரண்டு தட்டு. இங்கே எண்ணுவது வாய் திறக்கும் தடவையை.

தட்டுவதற்கு ஆளுக்கு ஒரு ஜோடி கொட்டாங்குச்சி கொடுத்தது பெரிய பிழை. பதினெட்டு ஜோடி ஒன்றாகத் தட்டினால் சொல்லே காதில் விழாது. இப்போது இரண்டே ஜோடி சுற்றி வருகிறது, மற்றவர்கள் தொடையில் தட்டுகிறார்கள்.

ஒரு ஆண்டுகூட விடாமல் செய்வது பஞ்சார விளையாட்டு. நிஜப் பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்தால் போதும். இடுக்கு வழியே தெரியும், மேலே துண்டு போட்டுவிடுங்கள். உள்ளே ஒரு பொம்மை. 'ம்மா' என்று கத்திக் காட்டினால் மூன்று வயதுப் பிள்ளையும் மாடு என்று சொல்லிவிடும். காது பழகுவதற்கு அது நல்லதுதான், ஆனால் எழுத்துப் பக்கம் இன்னும் வரவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து குரலை விட்டுவிட்டு முதல் ஒலியை மட்டும் இழுத்துச் சொல்ல வேண்டும்: 'மாஆஆ...' மாடும் இருக்கலாம், மாங்காயும் இருக்கலாம், மாலையும் இருக்கலாம். உள்ளே விலங்குதான் என்று தெரிந்துவிட்டால் ஒலியைக் கேட்கவே மாட்டார்கள், அதனால் பண்ணைப் பொருள் எதுவாக இருந்தாலும் வைக்கலாம். எப்போதும் அதே நாலு பேர் முந்திக்கொள்வதைத் தடுக்க, கூடை மேல் கை வைத்து ஐந்து விரலையும் மெதுவாக மடக்குங்கள். கடைசி விரல் மடங்கிய பிறகுதான் பதில். வாயே திறக்காத பிள்ளைகளுக்கு அந்த ஐந்து விரல் நேரம் தேவைப்படுகிறது. 'கோளி' என்று வந்தால் வட்டத்தில் வைத்துத் திருத்த வேண்டாம், 'ஆமா, கோழி' என்று திருப்பிச் சொன்னால் போதும்.

நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டது உட்காரும் முறையை. வட்டத்தின் நடுவே சொல் அட்டையை வைத்தால் எதிரில் இருப்பவருக்கு அது தலைகீழ். பாதிப் பேர் எழுத்தைக் கவிழ்ந்தே பார்த்துப் பழகுவார்கள். ஒலி விளையாட்டுக்கு வட்டம், எழுத்து என்றால் அரைவட்டம். அட்டையில் எழுத்து 6 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். படத்தையும் சொல்லையும் ஒரே பக்கம் போட்டால் படத்தைத்தான் 'படிப்பார்கள்', சொல்லைப் பின்பக்கம் எழுதுங்கள். பளபளப்பு லேமினேஷன் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், பளபளப்பில்லாத மேட் ரகம் வாங்குங்கள். முனையை வட்டமாக வெட்டினால் சீக்கிரம் பிரியாது.

தட்டில் தானியம் பரப்பி எழுதுவதில் கவனம் வேண்டும். பட்டாணி, கொண்டைக்கடலை இரண்டும் வேண்டவே வேண்டாம். மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊதிப் பெருத்துவிடும், எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். ரவை நன்றாக இருந்தது, ஆனால் எறும்பும் வண்டும் வந்தன, மழைநாளில் கட்டி தட்டியது. இப்போது சலித்துக் காயவைத்த மணல்தான். அரை செ.மீ. கனத்துக்கு மேல் போட்டால் எழுதிய கோடு சரிந்து மூடிக்கொள்ளும். தட்டின் அடி கறுப்பாக இருந்தால் எழுத்து பளிச்சென்று தெரியும்.

பிளாஸ்டிக் விலங்குத் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கியதில் எருமையே இல்லை. செம்மறி என்று இருந்தது வெள்ளைக் கம்பளி போர்த்தியது. மேச்சேரி இனச் செம்மறியின் பழுப்பு நிறத்தையும் குட்டை முடியையும் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அதை நாய் என்றார்கள். அக்கம்பக்கத்தில் எடுத்த போட்டோக்களை அட்டையில் ஒட்டிய பிறகு பேச்சு கூடியது. 'எங்க ஆயா வீட்டு ஆடு' என்று தொடங்கினால் நிற்காது.

பெயர் அட்டை எழுதித் தரச் சொன்னால் சில தாத்தா பாட்டிகள் 'காளை'யின் ளை-யை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் எழுதி அனுப்புவார்கள். அழகான எழுத்துதான். வகுப்புச் சுவரில் மட்டும் இன்றைய வடிவத்தை ஒட்டுங்கள்.

வரிசைப்படுத்தும் படங்களை ஏழிலிருந்து நான்காகக் குறைத்துவிட்டோம்: நாற்று, நடவு, கதிர், சோறு. ஏழு வைத்தபோது களையெடுப்பையும் கதிரடிப்பையும் கண்டுபிடிப்பதிலேயே நேரம் போனது, கதை சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. இடமிருந்து வலமாகத் தரையில் ஒரு கயிறு போட்டு அதன் மேல் அடுக்கச் சொல்கிறோம், புத்தகத்தில் வரி ஓடும் திசை அதே. நாலு படத்துக்கு நாலு வாக்கியம், பிள்ளை சொன்னதை அப்படியே அடியில் எழுதி, விரல் ஓட்டிப் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் 'நட்டாங்க' என்று சொன்னால் 'நட்டார்கள்' என்று மாற்றாமல் 'நட்டாங்க' என்றே எழுதுங்கள். தான் சொன்னதுதான் தாளில் இருக்கிறது என்று தெரிந்தால், மறுநாள் அவர்களே விரல் வைத்துப் 'படிக்க' வருகிறார்கள்.